பலகை மேல் நின்று பனிமலை கடந்தவர்

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள், நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? நாலடி வைப்பதற்குள் செருப்பில் அப்பம் அப்பமாக மண் ஒட்டிக் கொள்ளும். அடுத்த அடியில் கால் கணுக்கால் வரை புதையும். பலம் கொண்ட மட்டும் இழுத்தால் கால் மட்டும் வெளியே வரும். செருப்பு உள்ளேயே தங்கிவிடும்!

நான் சிறுவனாக இருந்தபோது, மழைக்காலம் வந்தால் என் அப்பா வீட்டு வாசல் சேற்றில் ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு வைப்பார். அதே சேறு, அதே கால். ஆனால் பலகை மேல் நடந்தால் புதையாது. அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் விளங்கியது.

கோடையில் அதே கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் ஆட்டுக்குட்டியின் கால் முழுதாக உள்ளே போய்விடும். சேறு ஒன்று, வெடிப்பு ஒன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நாம் இப்போது போகப் போகிற பனி நாட்டிலும் இதே இரண்டு தொல்லைகள்தான். அங்கே மண்ணுக்குப் பதில் பனி, அவ்வளவே!

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ளது நார்வே. அங்கே குளிர்காலத்தில் வீடு, வயல், சாலை எல்லாமே பனியால் மூடிவிடும். புதிதாக விழுந்த பனி இலவம்பஞ்சு போல் இருக்கும். காலை வைத்தால் முழங்கால், சில இடங்களில் இடுப்பு வரை கூட இறங்கிவிடும். ஆகவே அந்நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே காலில் நீண்ட மரப்பலகைகளைக் கட்டிக் கொண்டு பனியில் வழுக்கிச் செல்கிறார்கள். அந்தப் பலகைக்கு 'ஸ்கீ' என்று பெயர். பிளந்த மரத்துண்டு என்பதுதான் அந்தப் பழஞ்சொல்லின் பொருள்.

அந்த நாட்டின் தலைநகர் கிறிஸ்தியானியா. இன்று அதன் பெயர் ஆஸ்லோ. அந்நகருக்கு அருகே 1861ம் ஆண்டு அக்டோபர் 10ம் தேதி பிறந்தவர் ஃபிரித்ஜோப் நான்சென். அப்பா வழக்கறிஞர். அம்மா பெரிய இடத்துப் பெண். பெண்கள் ஸ்கீ கட்டுவது அழகல்ல என்று ஊரார் முகம் சுளித்த காலத்திலேயே, அதைப் பொருட்படுத்தாமல் பனியில் சறுக்கியவர்!

வசதியான குடும்பம்தான். ஆனாலும் செல்லம் கொடுக்க மாட்டார்கள். சிறுவன் நான்செனின் முதல் ஸ்கீகள் அண்ணன், அக்காக்கள் போட்டுத் தேய்ந்த பழைய பலகைகளை வெட்டிச் செய்தவை. அதிலும் வேடிக்கை, ஒன்று நீளம், ஒன்று குட்டை! அண்ணன் சட்டையைப் போட்டுக் கொண்டு பள்ளிக்கு வந்த உங்களில் பலருக்கு இது புரியும். பிறகு, தெரிந்த அச்சக உரிமையாளர் ஒருவர் இரக்கப்பட்டு, சிவப்புச் சாயம் பூசி கறுப்புக் கோடு போட்ட புத்தம் புது ஜோடி ஒன்றைப் பரிசளித்தார். அந்த நாளின் மகிழ்ச்சியை நான்சென் பெரியவரான பின்பும் மறக்கவில்லை.

ஊருக்குப் பக்கத்தில் ஹுசெபி என்று ஒரு குன்று. பெரியவர்கள் ஸ்கீயில் தாவிக் குதிக்கும் இடம். அங்கே குதிக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. பத்து வயதில் நம்மாள் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் போய்க் குதித்துவிட்டான். அந்தரத்தில் பறந்து, ஸ்கீயின் முனை பனியில் குத்தி, தலைகீழாகப் பனிக்குள் சொருகிக் கொண்டான். இடுப்பு வரை உள்ளே. கால்கள் மட்டும் வெளியே! கழுத்து முறிந்திருக்கும் என்று சுற்றி நின்றவர்கள் பயந்து போனார்கள். கால்கள் உதைக்க ஆரம்பித்ததும் ஒரே சிரிப்பு.

வளர்ந்து விலங்கியல் படித்தார். 1882ல் கடல் நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஆராய்ச்சிக்காக வடகடல் போனபோது, தூரத்தில் கிரீன்லாந்தின் கரையைப் பார்த்தார். உலகிலேயே மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து. அதன் பெரும்பகுதியை ஒரே பனிப்பாளம் மூடிக் கிடக்கிறது. நடுவே என்ன இருக்கிறது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. பச்சைப் பசேல் என்று காடு கூட இருக்கலாம் என்று சிலர் நம்பினார்கள்!

கப்பலிலிருந்து திரும்பியதும் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, புழு, மீன்களின் நரம்புகளை ஆராய்வார். குளிர்காலம் வந்தால் கால் அரிக்கும். 1884ல் நடு மாரிக்காலத்தில், நாட்டின் மேற்கிலிருந்து கிழக்கே தலைநகருக்கு மலைகளைத் தாண்டி ஸ்கீயிலேயே போய், அங்கே நடந்த சறுக்குப் போட்டியில் கலந்து கொண்டு, அதே போல் மலை வழியாகத் திரும்பினார். உள்ளூர்க்காரர்களே குளிர்காலத்தில் போக அஞ்சிய வழி அது. இந்தப் பயணம் பின்னால் பெரிதும் கைகொடுத்தது. ஒரே நாளில் எத்தனை வகைப் பனி மாறி மாறி வரும் என்பதை அவர் காலாலேயே படித்துக் கொண்டார். மேட்டில் கண்ணாடி போல இறுகிய பனி, பள்ளத்தில் பஞ்சுப் பனி, வெயில் பட்ட சரிவில் இட்லி மாவு போல ஈரப் பனி! எல்லாவற்றிலும் ஓடக்கூடிய பலகை எது? அந்தக் கேள்வி மனதில் விழுந்துவிட்டது.

இதற்கு முந்தைய ஆண்டில், நோர்டென்ஷோல்ட் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போயிருந்தார். அவருடன் வந்த சாமி இனத்தவர் இருவர் ஸ்கீ கட்டிக் கொண்டு மேலும் வெகுதூரம் போய், 57 மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். ('சாமி' என்பது வட ஐரோப்பாவில் கலைமான் மேய்க்கும் மக்களின் பெயர். நம்ம ஊர் சாமி இல்லை!) உள்ளே காடுமில்லை, மேடுமில்லை, சமமான பனிவெளிதான் என்றார்கள் அவர்கள். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தி காதில் விழுந்ததும் நான்செனுக்குப் பளிச்சென்று யோசனை தோன்றியது. நடந்து போனவர்கள் தோற்ற இடத்தில் ஸ்கீயில் போனால் என்ன?

அவருடைய திட்டம் கேட்பவர்களைத் திடுக்கிட வைத்தது. அதுவரை போனவர்கள் எல்லோரும் ஊர்கள் இருந்த மேற்குக் கரையில் தொடங்கினார்கள். முடியாவிட்டால் திரும்பி விடலாமே! நான்செனோ ஆளரவமே அரிதான கிழக்குக் கரையில் இறங்கி மேற்கே போகப் போவதாகச் சொன்னார். பின்னால் திரும்பினால் சோறு இல்லை, கப்பல் இல்லை. முன்னால் போனால்தான் ஊர். நார்வே அரசு பணம் தர மறுத்துவிட்டது. ஒரு நகைச்சுவைப் பத்திரிகை, திரும்பி வரும் டிக்கெட் தேவையில்லாத பயணம் என்று கேலி செய்தது. கடைசியில், கோபன்ஹேகன் நகர வணிகர் அகஸ்டின் கேமல் என்பவர் 5,000 குரோனர் கொடுத்து உதவினார்.

இனி விஷயத்துக்கு வருவோம். திரும்பி வர வழியில்லாத பயணத்தில் கால் பலகை ஒடிந்தால் ஆள் செத்தான். ஆகவே எந்த ஸ்கீ எடுத்துப் போவது என்பதை நான்சென் மிகக் கவனமாக முடிவு செய்தார்.

அந்த நாளில் நார்வேயில் மாவட்டத்துக்கு ஒரு ஸ்கீ உண்டு. சில இடங்களில் குட்டை, சில இடங்களில் நெட்டை, சில இடங்களில் ஒரு கால் நீளம், மறு கால் குட்டை! அந்தந்த ஊர்ப் பனிக்கு அந்தந்தப் பலகை. ஆனால் கிரீன்லாந்தின் நடுவே என்ன பனி என்று யாருக்குத் தெரியும்? எந்தப் பனி வந்தாலும் சமாளிக்கும் பலகை வேண்டும்.

ஒன்பது ஜோடிகள் எடுத்துக் கொண்டார். இரண்டு ஜோடி ஓக் மரம், மற்றவை பிர்ச் மரம். நீளம் ஏறத்தாழ 230 சென்டிமீட்டர். அதாவது, உங்கள் அப்பா கையைத் தூக்கி நின்றால் எட்டும் உயரம். அகலம் முன்புறம் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கால் வைக்கும் இடத்தில் எட்டு சென்டிமீட்டர்.

இப்போது நோட்டை எடுங்கள். ஒரு பூட்ஸின் அடிப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பனியும் 280 கிராம் எடையைத் தாங்க வேண்டும். நான்செனின் ஒரு ஸ்கீயின் பரப்பு ஏறத்தாழ 1,900 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள். 37 கிராம்தான் வருகிறது! எடை குறையவில்லை, பரப்பு கூடியதால் பங்கு குறைந்தது. என் அப்பா போட்ட கதவுப் பலகையின் ரகசியமும் இதுதான். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாததும் இதனால்தான்.

அப்படியென்றால் இன்னும் அகலமாக, கதவு மாதிரியே செய்து விடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்! அகலம் கூடினால் கனம் கூடும். இறுகிய பனிச்சரிவில் பலகையைச் சாய்த்து, அதன் விளிம்பால் பனியைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அகலப் பலகையைச் சாய்ப்பது கடினம், கணுக்கால் வலித்துவிடும். பந்தய சைக்கிளுக்கு மெல்லிய டயர், மணலில் ஓடும் வண்டிக்குத் தடித்த டயர். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத்தான் நான்சென் தேடிப் பிடித்தார்.

கனம் கூடாமல் உறுதி வேண்டுமே? பலகையின் மேல்புறம் நெடுக ஒரு முகடு விட்டுச் செதுக்கச் சொன்னார். முதுகெலும்பு மாதிரி. பலகை நேராக ஓட அடிப்பக்கம் மூன்று மெல்லிய பள்ளக் கோடுகள். மரத்தின் நார் நேராக ஓடுவதும் முக்கியம். நம்ம ஊர்த் தீப்பெட்டிக் குச்சிக்கு மரம் பார்த்து வாங்குபவர்களைக் கேளுங்கள். நார் கோணலாக ஓடும் மரத்தில் குச்சி நிற்காது, பட்டென்று ஒடியும்.

பிர்ச் பலகைகளுக்கு இன்னொரு ஏற்பாடு. அடியில் மெல்லிய எஃகுத் தகடு. கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, தகட்டின் திறப்பில், எல்க் என்ற பெரிய மானின் ரோமத்தோல். ஈரப் பனியில் மரம் ஒட்டிக் கொள்ளும், எஃகு வழுக்கும். ரோமம் எதற்கு? ஆட்டின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழவழவென்று போகும். எதிர்ப்பக்கம் தடவினால் மயிர் சிலிர்த்துக் கையைத் தடுக்கும். அதேபோல, ஸ்கீ முன்னால் வழுக்கும். மேடு ஏறும்போது பின்னால் சரியாது!

சாமான் ஏற்றும் சறுக்கு வண்டிகளுக்கும் இதே கணக்குத்தான். ஒடுக்கமான கம்பிகளுக்குப் பதிலாக, ஸ்கீ போன்ற அகன்ற சட்டங்களைப் பொருத்தினார். பஞ்சுப் பனியில் ஏறி நடக்க, வலைப் பின்னல் போட்ட கனடா நாட்டுப் பனிக் காலணிகளையும் எடுத்துக் கொண்டார்.

ஆறு பேர் கிளம்பினார்கள். நான்சென், ஸ்வெர்ட்ருப், டீட்ரிக்சன், கிறிஸ்டியன்சென் ஆகியோரோடு, பால்ட்டோ, ராவ்னா என்ற இரு சாமி இனத்தவர். 1888 ஜூலை 17ம் தேதி கப்பலை விட்டு இரண்டு படகுகளில் இறங்கினார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் எட்டவில்லை. மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைச் சிறைபிடித்து, தெற்கே சுமார் 380 கிலோமீட்டர் அடித்துக் கொண்டு போயின! ஜூலை 29ம் தேதிதான் கரையேறினார்கள். மீண்டும் வடக்கே துடுப்புப் போட்டு, ஆகஸ்ட் 15ம் தேதி உமிவிக் என்ற இடத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கினார்கள்.

தொடக்கத்தில் ஸ்கீக்கு வேலையே இல்லை. செங்குத்தான பனிச்சரிவு, எங்கு பார்த்தாலும் பிளவுகள். நம்ம கரிசல் வெடிப்பு முழங்கால் ஆழம் என்றால், அந்தப் பிளவுகளுக்கு அடி கண்ணுக்கே தெரியாது. அதிலும் சில பிளவுகளை மெல்லிய பனி கூரை போட்டு மறைத்திருக்கும். கயிறு கட்டிக் கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள்.

செப்டம்பர் 2ம் தேதியிலிருந்து ஸ்கீ கட்டினார்கள். பிறகு பத்தொன்பது நாட்கள் பலகை மேல்தான் பயணம். 2,700 மீட்டருக்கு மேல் உயரம். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 45 டிகிரி வரை இறங்கியது. மூச்சுக் காற்று தாடியில் பனியாக உறைந்தது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. குப்பியில் பனியை அடைத்து, சட்டைக்குள் வைத்து, உடம்புச் சூட்டில் உருக்கிக் குடித்தார்கள். கொண்டு போன உலர் இறைச்சியில் கொழுப்பே இல்லாமல் போனது பெரிய குறை. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பங்கு வைத்த வெண்ணெய்க்கு ஏங்கித் தவித்தார்கள்.

பனி எப்படி இருந்தது? அதுதான் யாரும் எதிர்பாராதது. கடுங்குளிரில் பனித்தூள் வைப்பாற்று மணல் மாதிரி உலர்ந்து கிடந்தது. மணலில் மூட்டையை இழுத்துப் பாருங்கள், அந்தக் கஷ்டம் தெரியும். ஈரப் பனிக்கென்று பார்த்துப் பார்த்துப் பொருத்திய எஃகுத் தகடு இங்கே வழுக்க மறுத்தது. மர அடியே மேலாக இருந்தது. ஆனால் அகலமும் நீளமும் கைவிடவில்லை. கால் புதையாமல் தினமும் முன்னேற முடிந்தது. ஸ்கீ இல்லாதிருந்தால் வெகுதூரம் போவதற்கு முன்பே பனியில் மடிந்திருப்போம் என்ற எண்ணம் நான்செனுக்கு இருந்தது.

செப்டம்பர் 17ம் தேதி ஒரு சின்னக் குருவி அவர்களிடம் பறந்து வந்தது. கரை பக்கத்தில்தான்! 19ம் தேதி நல்ல காற்று. சறுக்கு வண்டிகளைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்தார்கள். வண்டி பனிமேல் கப்பலாகப் பறந்தது. ஸ்வெர்ட்ருப் முன்னால் ஸ்கீயில் நின்று திசை காட்ட, நான்சென் பின்னால் தொற்றிக் கொண்டு போனார். நடுவில் கால் இடறி விழுந்தார். வண்டி அவரை விட்டுவிட்டே ஓடியது! சிதறிய சாமான்களைப் பொறுக்கிக் கொண்டு பின்னால் ஓடி வந்தார். அன்று மாலை மங்கலில் முன்னே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. நல்லவேளை, சில அடி தூரத்தில் திருப்பி நிறுத்தினார்கள். அது வாய் பிளந்து காத்திருந்த பெரும் பனிப்பிளவு!

பனியை விட்டு இறங்கியதும் வழியில் கடல் குறுக்கிட்டது. படகு ஏது? கூடாரத் துணியையும் அங்கே வளர்ந்திருந்த வில்லோ குச்சிகளையும் கொண்டு ஆமை ஓடு போல ஒன்றைப் பின்னினார்கள். நான்செனும் ஸ்வெர்ட்ருப்பும் அதில் துடுப்புப் போட்டு, அக்டோபர் 3ம் தேதி கோட்ஹாப் என்ற ஊரை அடைந்தார்கள். இன்று அந்த ஊரின் பெயர் நூக். மற்ற நால்வரும் பின்னர் அழைத்து வரப்பட்டார்கள். ஊருக்குப் போகும் கடைசிக் கப்பல் கிடைக்காததால், குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். அந்நாட்டு மக்களிடம் கயாக் படகு ஓட்டக் கற்றார் நான்சென். 1889 மே மாதம் தாயகம் திரும்பியபோது, தலைநகரமே கடற்கரைக்குத் திரண்டு வந்தது. கேலி செய்தவர்களும் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்!

1890ல் பயண நூல் வெளிவந்தது. ஸ்கீ மரம், நீளம், அகலம் எல்லாம் அதில் விளக்கமாக இருந்தன. அதைப் படித்த ஐரோப்பியர் பலருக்கு ஸ்கீ பைத்தியம் பிடித்தது. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி நார்வேயிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். கட்டிப் பார்த்தால் திரும்பவே முடியவில்லை! பரந்த சமவெளிக்கு ஏற்ற நீளம், செங்குத்து மலைக்கு ஒத்து வரவில்லை. அவர் என்ன செய்தார்? பலகையை சுமார் 180 சென்டிமீட்டராகக் குறைத்தார், அடிப்பள்ளத்தை நீக்கினார், காலை உறுதியாகப் பிடிக்க உலோகப் பூட்டு செய்தார். நான்செனின் பலகையை அப்படியே காப்பி அடிக்காமல், தன் மலையைப் பார்த்து மாற்றிய ஸ்டார்ஸ்கியை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீளம் குறைந்தால் பரப்பு குறையுமே, பஞ்சுப் பனியில் என்ன செய்வது? அதற்கு வழி அகலம்தான். அது தோன்ற வெகுகாலம் ஆயிற்று! 1980களின் கடைசியில், அதே ஆஸ்திரியாவில் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரூபர்ட் ஹூபர், ஒற்றைப் பலகையை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஆளுக்கு இரண்டாகக் கட்டிப் பார்த்தார். பஞ்சுப் பனியில் மிதந்தது! இன்று சீராக்கிய சரிவுக்குக் கால் வைக்கும் இடத்தில் ஏழு சென்டிமீட்டர் அளவு, பஞ்சுப் பனிக்குப் பதினொன்று, அதற்கும் மேல் என்று செய்கிறார்கள். எல்லாப் பனிக்கும் ஒரே ஜோடி போதும் என்பவர்கள் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் வாங்குகிறார்கள். நம்ம காஷ்மீரின் குல்மார்க்கில் ஆழப் பனி உண்டு. ரோப் கார் ஏறி அபர்வத் மலை மேலே போகிறவர்கள் காலில் இந்த அகலப் பலகைகளைப் பார்க்கலாம்.

நான்செனின் கதை கிரீன்லாந்தோடு முடியவில்லை. 1893ல் 'ஃபிராம்' என்ற கப்பலை வேண்டுமென்றே வடகடல் பனியில் உறைய விட்டு, அதனோடு மிதந்து போனார். 1895ல் ஜோஹான்சென் என்ற தோழருடன் ஸ்கீயிலும் நாய் வண்டியிலும் சென்று, அதுவரை எந்த மனிதரும் எட்டாத வட அட்சத்தை எட்டினார். 1910ல் தென் துருவம் புறப்பட்ட ஆங்கிலேயர் ஸ்காட்டிடம், ஸ்கீ கற்றுத் தர ஓர் இளைஞரைச் சேர்த்து அனுப்பியவரும் அவரே. தென் துருவத்தை 1911ல் முதலில் அடைந்த அமுண்ட்சென் போனதும் ஸ்கீயில்தான். கப்பல் நான்செனின் ஃபிராம்தான்.

முதல் உலகப் போருக்குப் பின் அவர் பனியை விட்டு மனிதர்களிடம் வந்தார். பல நாடுகளில் சிக்கிக் கிடந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை ஊர் சேர்த்தார். நாடிழந்த அகதிகளுக்கு 1922ல் 'நான்சென் பாஸ்போர்ட்' என்ற அடையாளச் சான்று கிடைக்கச் செய்தார். அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தையும் நிவாரணப் பணிக்கே கொடுத்தார். அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு இன்றும் அவர் பெயரால் விருது வழங்குகிறது.

1930 மே 13ம் தேதி தன் வீட்டில் காலமானார். மே 17, நார்வேயின் தேசிய நாள். அன்று அரசு மரியாதையோடு இறுதி ஊர்வலம் நடந்தது. பிறகு, அவரது அஸ்தியை அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். மேலே ஆடம்பரம் இல்லாத ஒரு கல் மட்டும் இருக்கிறது.